சித்திரை வீதியின் பெயரை எங்கே எழுதுவது?



தெருப் பெயர் என்று அழைப்பிதழில் பார்த்துவிட்டு, கல்வெட்டு, ஸ்ரீரங்கம் கோயிலின் வரலாறு சொல்லும் கோயிலொழுகு, ஊர்ப்பெயர் ஆய்வு என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். கோயிலொழுகு வரும், ஆனால் நடுவில் ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போய்விடும். என் பொருள் செல்பேசித் திரை. அதிலுள்ள வரைபடத்தில் ஸ்ரீரங்கத்தைத் திறந்தால் கோயில், சுற்றுமதில்கள், வீதிகள், கடைகள், இரண்டு பக்கமும் ஆறு என்று எல்லாம் நான்கு விரல் அகலத்துக்குள் வந்து நிற்கின்றன. எல்லாத் தெருவுக்கும் பெயர் எழுத இடமில்லை. எதை எழுதுவது, எதை விடுவது, எழுதுவதை எந்த இடத்தில், எந்த அளவில், எந்த மொழியில் எழுதுவது என்று ஒவ்வொரு நொடியும் யாரோ முடிவு செய்துகொண்டே இருக்க வேண்டும். அந்த யாரோ ஒரு நிரல். நிரலுக்கு விதி எழுதியவர் வேறெங்கோ உள்ள ஓர் ஊரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார். அந்த விதிகள் நம் ஊருக்குப் பொருந்துகின்றனவா, பொருந்தாவிட்டால் என்ன செய்யலாம் என்பதே இன்றைய பேச்சு.

வரைபடத்தைக் கையால் வரைந்த காலத்தில் பெயர் எழுதுவது தனிக் கலை. சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் இம்ஹோஃப் அந்தக் கலையின் விதிகளை 1962இல் ஒரு கட்டுரையாக எழுதினார். 1975இல் அது ஆங்கிலத்தில் வந்தது. பெயர் தெளிவாகப் படிக்கக் கிடைக்க வேண்டும்; எந்தப் பொருளுக்கு உரிய பெயர் என்பதில் ஐயம் கூடாது; அடுத்தவற்றை மறைக்கக் கூடாது; பொருளின் நீள அகலத்தையும் முக்கியத்தையும் பெயரின் அமைப்பே காட்ட வேண்டும். சொல்லும்போது எளிமையாக இருக்கிறது. இந்த நான்கும் ஒன்றோடொன்று மோதும் என்பது பேனாவை எடுத்தவனுக்குத்தான் தெரியும். 1972இல் பின்ஹாஸ் யோவெலி இதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றார். 1990களின் தொடக்கத்தில் கணினி அறிவியலார் இதை ஆராய்ந்து ஓர் உண்மையை நிறுவினார்கள். பெயர்கள் கூடக்கூட, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் எல்லாவற்றையும் அடுக்கும் மிகச் சிறந்த வழியைச் சட்டென்று கண்டுபிடித்துத் தரும் முறை எதுவும் தெரியவில்லை. இருக்கும் என்று நம்பவும் காரணமில்லை. ஆகவே திரையில் நாம் பார்க்கும் எந்த வரைபடமும் ‘போதுமான அளவு நல்லது’ என்ற சமரசம்தான்.

தெருக்களுக்கென்றே செய்த ஆய்வுகளும் உண்டு. 2000ஆம் ஆண்டில் காப்ரியேலே நையர், ஃபிராங்க் வாக்னர் இருவரும் அமெரிக்க நகர மையங்களை எடுத்துக்கொண்டார்கள். சதுரங்கக் கட்டம் போல் தெருக்கள். ஒவ்வொரு தெருவின் பெயரும் அந்தத் தெருவின் மேலேயே ஓட வேண்டும். இரண்டு பெயர்கள் முட்டக் கூடாது. அவர்கள் கொடுத்த வழி சோதனைகளில் வேகமாகவே வேலை செய்தது. அதே ஆண்டு ஸைபர்ட், உங்கர் என்ற இருவர் இந்தக் கட்டமைப்பில்கூடச் சிக்கல் கடினமானதே என்று நிறுவினார்கள். கட்டம் போட்ட மன்ஹாட்டனே இந்தப் பாடு படுத்துகிறது!

நம் திருச்சியில் மன்ஹாட்டனுக்கு உறவுமுறை சொல்லக்கூடிய பகுதி தில்லைநகர். மெயின் ரோடு, அதிலிருந்து இரு பக்கமும் பிரியும் கிராஸ்கள், எல்லாம் எண் வரிசை. ‘பத்தாவது கிராஸ்’ என்றால் ஆட்டோக்காரருக்குப் போதும். வரைபடக்காரனுக்கும் அது வரம். ‘10வது கிராஸ்’ என்பது குட்டிப் பெயர். எந்தத் தெருவிலும் நுழைந்துவிடும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் குடி முழுகிப்போகாது. ஒன்பதும் பதினொன்றும் தெரிந்தால் நடுவில் இருப்பது எது என்று படிப்பவரே ஊகித்துக்கொள்வார். அமெரிக்க விதியை அப்படியே கொண்டுவந்து இறக்கினாலும் தில்லைநகர் தாங்கும்.

ஸ்ரீரங்கம் தாங்காது. குடியிருப்பு வீதிகளாக இருக்கும் சுற்றுகளை உள்ளிருந்து வெளியே எண்ணுவோம். உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் தெரு. ஒவ்வொன்றுக்கும் கீழ, தெற்கு, மேல, வடக்கு என நான்கு பக்கங்கள். மூன்று நான்கு பன்னிரண்டு பெயர்கள். பன்னிரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செவ்வக வடிவில் அடங்கியிருக்கின்றன. குறுக்குச் சந்துகளை இதில் நான் சேர்க்கவில்லை.

கணக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். கோயில் வளாகத்தின் பரப்பு 156 ஏக்கர் என்பார்கள். அதைச் சதுரமாக எடுத்துக்கொண்டால் வெளிச்சுற்றின் ஒரு பக்கம் ஏறத்தாழ 800 மீட்டர். இணைய வரைபடங்களில் ஜூம் படிநிலை என்று ஒன்று உண்டு. ஒரு படி ஏறினால் நீளம் இரு மடங்காகும். 15ஆம் படியில், நம் அட்சரேகையில், திரையின் ஒரு பிக்சல் தரையில் 4.7 மீட்டர். அப்படியானால் 800 மீட்டர் தெருவுக்குக் கிடைப்பது 170 பிக்சல். இப்போது ‘கீழ அடையவளஞ்சான் தெரு’ என்று 12 பிக்சல் எழுத்தில் எழுதிப் பாருங்கள். எழுத்துருவைப் பொறுத்து அதுவே 170, 180 பிக்சலைத் தின்றுவிடும். மூலைக்கு மூலை இழுத்துக் கட்டிய மாதிரி பெயர் வரும், இல்லாவிட்டால் வராது. பெரும்பாலான நிரல்கள் எழுதாமலே விட்டுவிடும். ஆகவே மூன்று சுற்றுகளிலும் மிக நீளமான தெருவுக்குப் பெயர் தெரியாமல், அதிலிருந்து பிரியும் ஏதோ ஒரு சந்துக்குப் பெயர் பளிச்சென்று தெரியும். இம்ஹோஃப் பார்த்திருந்தால் பேனாவை மூடி வைத்திருப்பார்.

அடுத்தது நிற்கும் தெருக்கள். தெற்கு, வடக்கு வீதிகள் திரையில் கிடையாக ஓடுகின்றன. பெயரைத் தலை சாய்க்காமல் படிக்கலாம். கீழ வீதியும் மேல வீதியும் செங்குத்து. பெயர் தலைகீழாகிவிடக் கூடாது என்பதற்காக, கோணம் தொண்ணூறைத் தாண்டினால் எழுத்தைத் திருப்பிப் போடு என்று நிரலில் ஒரு விதி இருக்கும். ஏறக்குறைய நேர் வடக்காக நிற்கும் தெரு இந்த விதியைப் பாடாய்ப் படுத்தும். தெருவைத் துண்டு துண்டாகத்தான் தரவில் வரைந்திருப்பார்கள். ஒரு துண்டு 89 பாகை, அடுத்தது 91 பாகை என்றால் முதல் துண்டில் பெயர் கீழிருந்து மேலே ஏறும், அடுத்ததில் மேலிருந்து கீழே இறங்கும். ஒரே தெருவில் இரண்டு திசையில் பெயர்! வரைபடத்தைப் பார்ப்பவர் இது வேறு தெருவோ என்று திகைப்பார்.

கோயிலைச் சுற்றி மாட வீதி உள்ள எல்லா ஊருக்கும் இந்தத் தொல்லை உண்டு. மதுரையில் ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஐந்து சுற்று. அங்கே மீனாட்சி கோயிலை நடுவில் வைத்து இருபது பெயர்கள் மோதிக்கொள்கின்றன.

இதற்கு விடை வேறெங்கோ போய்த் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஊர் இந்தத் தெருக்களை எப்படி எண்ணுகிறதோ அப்படி எழுத வேண்டும். தைத் தேர் உத்தர வீதிகளில் ஓடுகிறது. சித்திரைத் தேர் சித்திரை வீதிகளில் ஓடுகிறது. தேர் கிளம்பிய இடத்திலிருந்து நிலைக்கு வந்து சேரும்வரை நான்கும் ஒரே வீதி. கோயிலொழுகு மரபும் அப்படியே பேசுகிறது. திரிவிக்கிரமன் திருவீதி, கலியுகராமன் திருவீதி என்று சுற்றுக்கு ஒரு பெயர், பக்கத்துக்கு ஒரு பெயர் கிடையாது. வரைபடத் தரவில் இந்த நான்கு கோடுகளையும் ஒரே தொகுப்பாகக் கட்டி, அந்தத் தொகுப்புக்குப் பெயர் கொடுக்கத் தடையேதும் இல்லை. பன்னிரண்டு பெயர்ச் சிக்கல் உடனே மூன்று பெயர்ச் சிக்கலாகச் சுருங்கிவிடும்.

பெயரை எங்கே வைப்பது? தெற்கில் வையுங்கள். தெற்கு வீதி கிடையாக ஓடுகிறது, படிக்க எளிது. 236 அடி ராஜகோபுரம் தெற்கில்தான் நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். அடையவளஞ்சான், சித்திரை வீதி, உத்தர வீதி என்று மூன்று பெயர்கள், அவர்கள் நடந்து கடக்கும் அதே வரிசையில், வரைபடத்தில் கீழிருந்து மேலாக அடுக்கி நிற்கும். இது 15ஆம் படி. விரலால் இன்னொரு படி விரித்தால் கீழ, மேல, வடக்கு என்ற பக்கப் பெயர்கள் அந்தந்தத் தெருவில் முளைக்கட்டும். 17ஆம் படியில் முழுப் பெயரும் வரட்டும். நீண்ட தெருவானால் இரண்டு மூன்று இடத்தில் திரும்ப வரட்டும். திரையில் தெருவின் ஒரு துண்டு மட்டும் தெரியும்போது பெயர் வேறெங்கோ போய்த் தங்கியிருந்தால் யாருக்கு என்ன பயன்?

பெயரைச் சுருக்கி எழுதலாமே என்று கேட்பீர்கள். ஆங்கில வரைபடம் திசைக்கு ஓரெழுத்து, தெருவுக்கு இரண்டெழுத்து என்று சுருக்கித் தப்பித்துக்கொள்கிறது. தமிழில் ‘தெ.’ என்று போட்டால் தெற்கா, தெருவா? பேச்சு வழக்கில் நாம் வேறு மாதிரி சுருக்குகிறோம். ‘கீழச்சித்திரையில் வீடு’, ‘மேல உத்தரையில் கடை’ என்போம். உதிர்வது வீதி என்ற சொல், திசை நிற்கிறது. பல்லாண்டுகளாக ஊரார் வாயில் தேய்ந்து வந்த சுருக்கம் இது. ‘கீழச்சித்திரை’ என்று எழுதினால் இடமும் மிச்சம், படிப்பவருக்கும் குழப்பமில்லை. எந்திரத்தை மொழிபெயர்க்க மட்டும் விட்டுவிடாதீர்கள். கீழ என்பது கிழக்கு என்று அதற்குத் தெரியாது; பள்ளத்தில் இருக்கும் சித்திரை வீதி என்று எழுதி வைக்கும்.

திருச்சி நகருக்குள் சிக்கலின் முகம் வேறு. மலைக்கோட்டையைச் சுற்றியிருந்த கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, 19ஆம் நூற்றாண்டில் போட்ட சாலைகளுக்கு வெள்ளைக்காரர்கள் கிழக்கு, மேற்கு பொலிவார்டு என்று பெயர் வைத்தார்கள். கோட்டையின் எச்சமாக மெயின் கார்டு கேட் இன்றும் நிற்கிறது. பொலிவார்டு நம் வாயில் விழுந்து புலிவார்டு ஆனது. மேலப்புலிவார்டு ரோடு என்று கடைப் பலகையில் இருக்கிறது; டபிள்யூ.பி. ரோடு என்று விலாசத்தில் இருக்கிறது. ஆங்கில வரைபடத்தில் முழுப் பெயர் இருக்கிறது. மூன்றும் ஒரே சாலை. எது சரி என்று பட்டிமன்றம் வைப்பது வீண் வேலை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற பொது வரைபடங்களில் ஒரு தெருவுக்குப் பல பெயர்ப் புலங்கள் உண்டு. தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், மாற்றுப் பெயர், பழைய பெயர், உள்ளூர் வழக்கு, சுருக்கம் என்று தனித்தனியே எழுதி வைக்கலாம். திரையில் எழுத ஒன்று போதும். தேடும்போது எல்லாம் கிடைக்க வேண்டும். தமிழ்த் திரையில் எழுத வேண்டியது எது என்று என்னைக் கேட்டால், புலிவார்டு. அது ஊரின் பெயர். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ரோட்டுக்கு என்.எஸ்.பி. ரோடு. ஊரே சுருக்கிக் கொடுத்த பிறகு வரைபடம் நீட்டி முழக்க வேண்டாம். பட்டர்வொர்த் ரோட்டை ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடுவது நல்லது. அகராதியை எடுத்தால் வெண்ணெயில் போய் முடியும். உறையூர் சாலை ரோட்டில் ஒரு சொல் மிகை என்று நினைத்து யாராவது திருத்தினால் தபால்காரர் சண்டைக்கு வருவார்.

பெயர் மாற்றங்களும் வந்துகொண்டே இருக்கும். தெருப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பெயர்களை நீக்க 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ஆணை வெளியிட்டது. நீக்க வேண்டியவைதான்; எனக்கு அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் பத்திரத்திலும் பட்டாவிலும் ரேஷன் அட்டையிலும் பழைய பெயர் இன்னும் பல காலம் இருக்கும். பழைய பெயரைத் தேடி வருபவரைப் புதிய பெயருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் பழைய பெயர்ப் புலம். அது திரையில் தெரிய வேண்டியதில்லை.

இனி எழுத்துக்கு வருகிறேன். மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும், ஏனென்றால் இதைச் சரிசெய்யப் போகிறவர்கள் நீங்கள். வளைந்த கோட்டின் மேல் பெயர் எழுதும்போது நிரல் ஒவ்வோர் எழுத்தாக எடுத்து, அந்த இடத்தின் சாய்வுக்கேற்பத் திருப்பி வைக்கும். ஆங்கிலத்தில் எழுத்து என்பதும் குறியீடு என்பதும் ஒன்று. தமிழில் அப்படியில்லை. ‘கோ’ நமக்கு ஓரெழுத்து. யூனிகோடில் அது இரண்டு குறியீடு: ககரம், அதன் பின் ஓகாரக் குறி. திரையிலோ மூன்று உருவம்: முன்னால் இரட்டைச் சுழிக் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். இந்த மூன்றையும் சேர்த்து ஓரெழுத்தாக வடிவமைத்துக்கொண்டு, அதன் பிறகு வளைக்க வேண்டும். குறியீட்டைத் தனித்தனியே எடுத்து வைத்தால் க ஒரு பக்கம், வெற்று வட்டத்தோடு ஓகாரக் குறி இன்னொரு பக்கம் என்று சிதறும். கோயில் தெரு இல்லாத தமிழ் ஊர் உண்டா? தெப்பக்குளத்தருகே நந்தி கோயில் தெரு. திருவானைக்கோயில் என்று ஒரு பேட்டைக்கே பெயர். எல்லாம் சிதறும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வழக்கமான படத்தைத் தயாரிக்கும் மேப்னிக் மென்பொருள், ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தமைப்பு நூலகத்தைப் பயன்படுத்துவதால் தமிழை ஒழுங்காக எழுதுகிறது. அதைப் படமாக்கி அனுப்புவார்கள். ஆனால் இன்றைய செல்பேசி, உலாவி வரைபடங்கள் பெரும்பாலும் படத்தை அனுப்புவதில்லை. தரவை அனுப்பி, உங்கள் கருவியிலேயே வரைகின்றன. அந்த வகையில் மேப்பாக்ஸ் ஜிஎல் வழிவந்த திறமூல மென்பொருள்கள் அரபிக்குத் தனி இணைப்பு ஒன்றைக் கொடுத்தன. இந்திய எழுத்துகளை நீண்ட காலம் காத்திருக்க வைத்தன. முழுத் தீர்வு வரும்வரை ஒரு கைவைத்தியம் உண்டு. வளைக்காதீர்கள். ஸ்ரீரங்கத்து வீதிகள் நேர்க்கோடுகள். பெயரை ஒரே துண்டாக, கணினியின் சொந்த எழுத்தமைப்பில் ஒரு சிறு படமாக்கி, தெருவின் சாய்வுக்குத் திருப்பி வைத்துவிடலாம். எழுத்து உடையாது. மூலையில் திரும்பும் இடத்துக்கு மட்டும் பெயர் போகக் கூடாது. கீழச்சித்திரையில் தொடங்கி வடக்குச் சித்திரையில் முடியும் பெயர் இரண்டு தெருவுக்கும் பொய் சொல்கிறது. வளைத்தே ஆக வேண்டியவை காவிரியும் கொள்ளிடமும். அவை இரண்டு பெயர்தானே, கையால் செய்தாலும் கெட்டுவிடாது.

வண்டி ஓட்டும்போது வரைபடம் நம்மோடு சேர்ந்து திரும்புகிறது. சித்திரை வீதியை ஆட்டோவில் ஒரு சுற்று சுற்றினால் நான்கு முறை திரை திரும்பும்; நான்கு முறையும் எல்லாப் பெயர்களும் இடம் மாறும். பெயர் தோன்றி மறைந்து துள்ளினால் கண் தெருவை விட்டுத் திரைக்குப் போய்விடும். கென் பீன், எலி டைச்சஸ், சீ யாப் மூவரும் 2006இல் இதற்கு நல்ல நெறி ஒன்றை வகுத்தார்கள். பெரிதாக்கும்போது இருந்த பெயர் மறையக் கூடாது. நகர்த்தும்போது பெயர் குதிக்கக் கூடாது. எந்த வழியாக வந்து பார்த்தாலும் ஒரே இடத்துக்கு ஒரே படம் தெரிய வேண்டும். ஓட்டுநர் திரையில் மூன்று பெயருக்கு மேல் வேண்டாம் என்று நான் இதோடு சேர்த்துக்கொள்வேன். இருக்கும் தெரு, திரும்ப வேண்டிய தெரு, அங்கே நிற்கும் அடையாளம். வடக்கு வாசல், அம்மா மண்டபம், மாம்பழச்சாலை என்று வழி சொல்லித்தான் நமக்குப் பழக்கம்.

தெருப் பெயரே எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அஞ்சல் துறை 2025இல் டிஜிபின் என்ற பத்தெழுத்துக் குறியீட்டைக் கொண்டுவந்தது. நாடு முழுவதையும் ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. ஆம்புலன்ஸுக்கும் பார்சலுக்கும் நல்ல ஏற்பாடு, வரவேற்கிறேன். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் ‘வடக்கு உத்தர வீதி, ஸ்ரீரங்கம்’ என்று போடுகிற இடத்தில் யாரும் அந்தப் பத்தெழுத்தைப் போடப் போவதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் அடிப்படைக் குறை மிச்சமிருக்கிறது. எழுதும் முறை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் எழுத வேண்டிய பெயர் தரவில் இருந்தாக வேண்டும். பொது வரைபடத்தில் நம் தெருக்கள் பலவற்றுக்கு ஆங்கிலப் பெயர் மட்டும் இருக்கிறது, தமிழ்ப் புலம் காலி. உத்தர, உத்திர, உத்திரை, அடையவளைந்தான், அடையவளஞ்சான், பலகைக்குப் பலகை எழுத்துக்கூட்டல் மாறுகிறது. 1994இல் திருச்சி மாநகராட்சி ஆனபோது ஸ்ரீரங்கமும் பொன்மலையும் தனி நகராட்சிகளாக இருந்து வந்து சேர்ந்தவை. தெருப் பட்டியல்களும் அவரவர் வழக்கத்தோடு வந்து சேர்ந்தன.

மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். 65 வார்டுகளின் தெருப் பெயர்களையும், தமிழிலும் ஆங்கிலத்திலும், ஒரே எழுத்துக்கூட்டலில், பழைய பெயரும் வழக்குப் பெயரும் சேர்த்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் வெளியிடுங்கள். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பட்டியல் வரும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் தெருவிலிருந்து தொடங்குங்கள். பலகையைப் பாருங்கள், பெரியவர்களைக் கேளுங்கள், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் புலத்தை நிரப்புங்கள். கணக்குத் தொடங்கக் கட்டணம் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் வீடுள்ளவர்கள் அந்தப் பன்னிரண்டு பெயர்களை முதலில் சரிபார்த்துவிடுங்கள்.